காப்பி நிறம்தான் மருந்து

அனுமந்தன்பட்டி
19.10.1998

தம்பி சுந்தரலிங்கத்துக்கு அக்கா ராஜாத்தி எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் சுகமாக ஊர் வந்து சேர்ந்தோம். உன் சுகத்துக்கு ஒரு வரி எழுது.

கோயம்புத்தூரில் பஸ் ஏறியதிலிருந்து உத்தமபாளையத்தில் இறங்கும்வரை உன் மச்சானுக்கு ஒருமுறைகூட மூச்சு இளைக்கவில்லை. வந்த அலுப்பு தீருமுன் தோட்டத்துக்குப் போய்விட்டார். கவாத்து வெட்டிய திராட்சைக் கொடியில் தளிர் வந்துவிட்டதாம், சாம்பல் நோய் விழுவதற்குள் கந்தகத் தூள் தூவ வேண்டுமாம். "நீங்க நிக்காதீக, கூலிக்கு ஆள் விடுவோம்" என்றேன். கேட்கிற ஆளா அவர்? தூவிவிட்டு வந்து கட்டிலில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்துகொண்டார். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது. நீல மூச்சுப் பம்பை வாயில் வைத்து இரண்டு தரம் இழுத்தார். நான் போட்ட காப்பி ஆறுமுன் எழுந்து வேல்விழியோடு வம்பளக்க ஆரம்பித்துவிட்டார்.

என் சந்தேகம் இதுதான். உங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் இரண்டு பம்பு எழுதிக் கொடுத்தார். நீலம் இழுத்தவுடன் வேலை செய்கிறது. காப்பி நிறப் பம்பை மூன்று நாளாகக் காலையும் மாலையும் இழுத்தும் ஒன்றும் தெரியவில்லை. "வெறும் காத்துதேன் வருது. ஒந்தம்பி ஆஸ்பத்திரியில நல்லா ஏமாத்திட்டாக" என்கிறார். எதற்கு இரண்டு? நீலத்தையே இரண்டாகக் கொடுத்தால் என்ன? இங்கே கடைகளில் இரண்டையும் சொல்லி வைத்துத்தான் வாங்க வேண்டுமாம். நீயே அனுப்பிவிடு.

வேல்விழி மாமாவைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

உன் அக்கா
ராஜாத்தி


கோயம்புத்தூர்
27.10.1998

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும், குட்டி வேல்விழிக்கும், சுந்தரலிங்கம் எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மெஸ் சாப்பாட்டைத் தவிர வேறு குறையும் இல்லை.

உன் கேள்வியை இங்கே மருந்து கொடுக்கும் ஜன்னலில் தினமும் பத்துப் பேர் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல எனக்கு நேரமிருப்பதில்லை. உனக்காவது ஒழுங்காக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நம் மூச்சுக் குழாயைச் சுற்றித் தசை இருக்கிறது. தூளோ புகையோ பட்டால் மச்சானுக்கு அந்தத் தசை இறுக்கிக்கொள்கிறது, குழாய் ஒடுங்குகிறது. நீலம் அந்தத் தசையைத் தளர்த்தும். ஐந்து நிமிடத்தில் சுகம் தெரியும், நாலைந்து மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும். ஆனால் இது பாதி நோய்தான். குழாயின் உட்சுவர் எப்போதும் வீங்கிச் சிவந்து சளி கோத்துக் கிடக்கிறது. அந்த வீக்கம் இருப்பதால்தான் கொஞ்சம் தூளுக்கே தசை இறுக்குகிறது. நீலம் வீக்கத்தைத் தொடவே தொடாது. அதைத் தணிப்பது காப்பி நிறம். இன்று இழுத்தால் இன்று ஒன்றும் தெரியாது. இரண்டு வாரம் போனால் தெரியும். நிறுத்தினாலும் அப்படித்தான், உடனே தெரியாது. வீக்கம் சத்தமில்லாமல் திரும்பி வரும்.

தோட்டத்தில் மருந்தடிக்கிற ரப்பர் குழாயை யாராவது மிதித்திருந்தால் காலை எடுத்தவுடன் தண்ணீர் வரும். உள்ளே அடைசல் பிடித்திருந்தால் காலை எடுத்து என்ன பிரயோசனம்? மச்சானிடம் இதைச் சொல், அவருக்குப் புரியும்.

என்னைக் கேட்டால் நீலம் மருந்தே இல்லை. அப்போதைக்கு மூச்சுக் கொடுக்கிற காற்று, அவ்வளவுதான். காப்பி நிறம்தான் மருந்து. இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்.

காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. இழுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். ஒரு பம்பு ஐம்பது நாள் வரும். முடிவதற்குப் பத்து நாள் முன்னால் எழுது, அனுப்புகிறேன்.

பாசத்துடன்
சுந்தரலிங்கம்


அனுமந்தன்பட்டி
25.11.1998

மாப்ளே சுந்தரலிங்கத்துக்கு உன் மச்சான் ராக்கப்பன் கைப்பட எழுதுகிற முதல் கடிதம். பத்திரமாக வைத்துக்கொள், இன்னொன்று கிடைப்பது கஷ்டம். நான், உன் அக்காள், பிள்ளை எல்லோரும் சௌக்கியம்.

உன் ரப்பர் குழாய்க் கதையை உன் அக்காள் மூன்று முறை வாசித்துக் காட்டினாள். சரி, பார்ப்போம் என்று இழுத்து வந்தேன். பதினாறாவது நாளோ பதினேழாவது நாளோ, தலையணையை அடுக்கிச் சாயாமல் மல்லாந்து படுத்துத் தூங்கியிருக்கிறேன். நாலு வருஷமாயிற்று மாப்ளே அப்படிப் படுத்து. காலையில் உன் அக்காள் பயந்துபோய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாளாம். இளைப்புச் சத்தம் இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வரவில்லை என்கிறாள். இவளை என்ன செய்வது?

கந்தகம் தூவ இப்போது ஆள் விட்டுவிட்டேன். உன் நீலம் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. காப்பிக் கலர் இன்னும் பத்து நாளுக்குத்தான் வரும். காலண்டரில் கோடு போட்டு வருகிறேன், கணக்குத் தப்பாது. இரண்டாக அனுப்பினால் தை, மாசிக்குக் கவலையில்லை.

பன்னீர் திராட்சை இந்த வெட்டுக்கு நல்ல பிடிப்பு. வருகிறபோது கூடையோடு தருகிறேன்.

உன் மச்சான்
ராக்கப்பன்


கோயம்புத்தூர்
1.12.1998

மச்சானுக்கு வணக்கம். உங்கள் கடிதம் படித்து மனசு நிறைந்துவிட்டது. நான் இங்கே சுகம்.

காப்பி நிறம் இரண்டு அனுப்பியிருக்கிறேன். டிசம்பர் ஐந்தாம் தேதி தொடங்கினால் மார்ச் பதினைந்தில் முடியும். என் காலண்டரிலும் குறித்துவிட்டேன், அதற்கு முன்னால் உங்கள் கடிதம் வர வேண்டும். நன்றாக இருக்கிறதே என்று நிறுத்திவிடாதீர்கள். நன்றாக இருப்பதே அதனால்தான். அடுத்த மாதம் இங்கு வந்து டாக்டரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனால் நல்லது.

அக்காவிடம், இனி மூக்கில் விரல் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தங்கள் மைத்துனன்
சுந்தரலிங்கம்


அனுமந்தன்பட்டி
10.3.1999

தம்பிக்கு அக்காவின் ஆசி. நீ சுகம்தானே?

வேல்விழிக்கு அம்மை போட்டுப் பதினெட்டு நாளாகிறது. உடம்பு முழுக்க முத்து. கண் இமையில்கூட இரண்டு. வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறேன். தாளிக்கவில்லை, வறுக்கவில்லை, யாரும் வரப்போக இல்லை. நீயும் இப்போது வந்துவிடாதே. ஐந்து நாள் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. இப்போது முத்து இறங்கிவிட்டது. இரண்டு தண்ணீர் ஊற்றியாயிற்று, மூன்றாம் தண்ணீர் வெள்ளிக்கிழமை.

இங்கே வேறு விசேஷமில்லை. நீலம் ஒன்று அனுப்பு.

அக்கா
ராஜாத்தி


கோயம்புத்தூர்
17.3.1999

அன்புள்ள அக்காவுக்கு. நான் நலமாக இருக்கிறேன். வேல்விழிக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றியிருப்பாய். பிள்ளையைச் சொறிய விடாதே, தழும்பு நின்றுவிடும். பள்ளிக்கூடத்துக்கு இன்னும் ஒரு வாரம் போகட்டும், பிறகு அனுப்பு.

நீலம் ஒன்று இதனுடன் இருக்கிறது. காப்பி நிறம் கையில் இருக்கும் என்று நினைக்கிறேன். கணக்கு வருஷக் கடைசி, இங்கே மருந்து இருப்பு எண்ணுகிற வேலை உயிரை எடுக்கிறது. விவரமாக அப்புறம் எழுதுகிறேன்.

சுந்தரலிங்கம்


அனுமந்தன்பட்டி
21.4.1999

தம்பிக்கு. வேல்விழி தேறிவிட்டாள், தெருவில் ஓடுகிறாள். நீ சாப்பாட்டைக் கவனி.

வீரபாண்டி அம்மன் கோயிலில் திருவிழாக் கம்பம் நட்டாயிற்று. உன் மச்சான் காப்புக் கட்டியிருக்கிறார். வேல்விழிக்கு வந்த அம்மன் குறையில்லாமல் இறங்கியதற்கு அக்னிச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருக்கிறோம். ஒரு பொழுது சாப்பாடு, தரையில் படுக்கை. திருவிழாவுக்கு லீவு கிடைத்தால் வா.

நீலம் இரண்டு அனுப்பு. சட்டி எடுக்கிற அன்றைக்கு இடுப்பில் ஒன்று இருக்கட்டும், என் கையில் ஒன்று இருக்கட்டும்.

அக்கா


கோயம்புத்தூர்
28.4.1999

அக்காவுக்கு. சுகம். லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. நீலம் இரண்டு அனுப்பியிருக்கிறேன். சட்டிப் புகை முகத்தில் அடிக்காமல் மச்சானைப் பார்த்துக்கொள். வேல்விழிக்கு ஒரு பாவாடைத் துணி வைத்திருக்கிறேன்.

சுந்தரலிங்கம்


கோயம்புத்தூர்
12.6.1999

அன்புள்ள அக்காவுக்கு. மச்சானின் காரியம் முடிந்து நான் இங்கு வந்து இரண்டு வாரமாகிறது. வந்ததும் எழுத நினைத்தேன். 'நலம்' என்று ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். மறுபடி எழுதினாலும் அதே வார்த்தைதான் வருகிறது.

வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். ஜன்னலில் சீட்டை நீட்டுகிறார்கள், எடுத்துக் கொடுக்கிறேன். நீலப் பெட்டியை மட்டும் பக்கத்தில் இருப்பவரை எடுக்கச் சொல்கிறேன்.

பதினாறாம் நாள் காலையில் உன்னிடம் ஒன்று கேட்டேன். மச்சான் காப்பி நிறத்தை விடாமல் இழுத்தாரா என்று. நீ தலையாட்டினாய். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

வேல்விழியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு. தோட்டத்தை இப்போதைக்குக் குத்தகைக்கு விடலாம். சாப்பிடு அக்கா.

சுந்தரலிங்கம்


அனுமந்தன்பட்டி
29.8.1999

தம்பிக்கு. இங்கே இரண்டு பேர் இருக்கிறோம்.

உன் கடிதத்துக்கு இரண்டரை மாதமாகப் பதில் எழுதவில்லை. எழுத உட்காருவேன், அடுப்பில் எதையாவது வைத்திருப்பது ஞாபகம் வரும், எழுந்துபோய்விடுவேன். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. பக்கத்து வீட்டு மொக்கம்மாள் வந்து, "அழுதுரு ஆத்தா, நெஞ்சுல கட்டிக்கிரும்" என்கிறாள். வந்தால் அழ மாட்டேனா?

நீ கேட்டதற்கு நான் தலையாட்டியது பொய்.

வேல்விழிக்கு அம்மை போட்ட அன்றைக்கே காப்பி நிறத்தை எடுத்து அரிசி டிரம்முக்குள் வைத்துவிட்டேன். அம்மை வீட்டில் மருந்து ஆகாது, உனக்கும் தெரியும். உன் கடிதத்தை எடுத்து மறுபடி வாசித்துப் பார்த்தேன். நீலம் மருந்தே இல்லை, காற்று என்று எழுதியிருந்தாய். காப்பி நிறம்தான் மருந்து என்று அடிக்கோடு வேறு போடச் சொல்லியிருந்தாய், போட்டிருந்தேன். அதனால் நீலத்தை வெளியே வைத்தேன், மருந்தை உள்ளே வைத்தேன். காய்ச்சல் கொதித்த அன்று, பிள்ளையை விட்டுக்கொடு தாயே, சட்டி எடுத்து இறக்கும்வரை இந்த வீட்டில் யாரும் மருந்து தொட மாட்டோம் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டியது நான். சட்டி எடுப்பதாகச் சொன்னது அவர்.

பங்குனியில் இரண்டு தரம் கேட்டார். "திரும்ப இளைக்குதுடி, அதை எடு" என்றார். "அம்மனுக்கு நேந்திருக்கு, பேசாம இருங்க" என்றேன். பேசாமல் இருந்துவிட்டார். நீலத்தை மூன்று மணிக்கொரு தரம், அப்புறம் இரண்டு மணிக்கொரு தரம் இழுத்தார். உனக்கு எழுதினால் திட்டுவாய் என்று எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் முல்லையாற்றில் குளித்து ஈரத் துணியோடு சட்டி ஏந்தினார். கோயில் போய்ச் சேருமுன் நாலு இடத்தில் நின்றார். நின்ற இடத்திலெல்லாம் நான் நீலத்தை அவர் வாயில் வைத்து அழுத்தினேன். சட்டியை இறக்கிவிட்டு மணலில் உட்கார்ந்தார். "ராசாத்தி, அந்தக் காப்பிக் கலரக் குடுத்துருக்கலாம்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் சொல்வதுபோலச் சொன்னார்.

ஆட்டோவில் தேனி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என் தோளில் சாய்ந்திருந்தார். பாதி வழியில் இளைப்புச் சத்தம் நின்றுவிட்டது. எனக்கு அப்பாடா என்று இருந்தது தம்பி. நீலம் பிடித்துவிட்டது, தூங்குகிறார் என்று நினைத்தேன். மூக்கில் விரல் வைத்துப் பார்க்கவில்லை. இனி வைக்க வேண்டாம் என்று நீதான் எழுதியிருந்தாயே.

இதை உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும். ஊரில் யாரிடம் சொன்னாலும், அம்மன் அழைத்துக்கொண்டாள் என்கிறார்கள். நான்தான் அனுப்பினேன்.

இன்னொன்று. பத்து நாளாக வேல்விழி இருமுகிறாள். ஓடினால் விசில் அடிக்கிறமாதிரி சத்தம் வருகிறது. நேற்று கட்டிலில் கையை ஊன்றி உட்கார்ந்தாள். எனக்குத் தெரிந்த உட்காருதல்தான் அது. என்ன செய்ய?

ராஜாத்தி


கோயம்புத்தூர்
3.9.1999

அக்கா, இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் வேல்விழியோடு பஸ் ஏறு. டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதற்குள் பிள்ளைக்குத் திணறினால் உத்தமபாளையத்தில் காட்டு, காத்திருக்காதே.

நீ எழுதியதற்கு நானும் ஒன்று எழுத வேண்டும். மார்ச் பதினைந்து என்று என் காலண்டரில் வட்டம் போட்டிருந்தேன். அந்தத் தேதி வந்து போயிற்று. நீ காப்பி நிறம் கேட்கவில்லை. அக்டோபரில் கொடுத்த நீலம் ஒன்று நாலரை மாதம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றரை மாதத்தில் மூன்று கேட்டாய். இந்த ஜன்னலுக்கு ஒரு நோயாளி வந்து இப்படிக் கேட்டால் கொடுக்க மாட்டேன். "காப்பி நிறம் எங்கே? முதலில் டாக்டரைப் பாருங்கள்" என்று கையைப் பிடித்துத் திருப்பி அனுப்புவேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். உன்னைக் கேட்கவில்லை. 'இருக்கும் என்று நினைக்கிறேன்' என்று எழுதிவிட்டுப் பெட்டி எண்ணப் போய்விட்டேன்.

நீலம் மருந்தே இல்லை என்ற வரியை எழுதியதும் நான்தான். நீலமும் மருந்துதான் அக்கா. காப்பி நிறத்தின் அருமை உனக்குப் புரிய வேண்டும் என்று அப்படி எழுதினேன். அம்மை வீட்டை நான் நினைக்கவில்லை. நானும் அதே தெருவில் வேப்பிலையில் படுத்துக் கிடந்தவன்தானே, நினைத்திருக்க வேண்டும்.

ஆட்டோவில் சத்தம் நின்றதைப் பற்றி எழுதியிருக்கிறாய். சத்தம் வரக்கூடக் காற்று போகாதபோது அப்படி நிற்கும். உனக்குத் தெரிய வழியில்லை. எனக்குத் தெரியும், ஆனால் நான் அங்கே இல்லை.

பஸ் ஸ்டாண்டில் நிற்பேன்.

சுந்தரலிங்கம்


அனுமந்தன்பட்டி
18.2.2000

தம்பிக்கு. நானும் வேல்விழியும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்?

எனக்கு அம்மை போட்டிருக்கிறது. சின்னப் பிள்ளையில் எனக்கு வரவே இல்லை, ஞாபகமிருக்கிறதா? இப்போது வந்திருக்கிறது. முகத்தில் நிறைய. எழுதும்போது விரல் இடுக்கெல்லாம் எரிகிறது, எழுத்து கோணலாக இருந்தால் இதுதான் காரணம். நீ பயந்து ஓடி வராதே. வேல்விழிக்கு ஒருமுறை வந்துவிட்டதால் பக்கத்தில் இருந்து இளநீர் வெட்டிக் கொடுக்கிறாள்.

வாசலில் வேப்பிலை கட்டியிருக்கிறேன். தாளிப்பு இல்லை. மாடத்தில் மஞ்சள் தண்ணீர்ச் செம்பும் அதன் பக்கத்தில் டாக்டர் வேல்விழிக்குக் கொடுத்த காப்பி நிறப் பம்பும் இருக்கின்றன. காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. இழுத்துவிட்டு முற்றத்தில் போய்க் கொப்பளிக்கிறாள். அவள் கொப்பளிக்கிற சத்தம் கேட்காமல் நான் வாயில் தண்ணீர் வைப்பதில்லை.

மொக்கம்மாள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் பதறிப்போனாள். "ஆத்தா, அம்மன் வந்திருக்கிற வீட்ல மருந்தா? எடுத்து உள்ள வையி" என்றாள்.

"அம்மன் இங்கனயே இருந்து பாக்கட்டும்க்கா. போன தடவ எடுத்து வச்சதயும் பாத்தவதான" என்றேன்.

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவள் போன பிறகு அழுதேன். ரொம்ப நேரம் இல்லை. கண்ணீர் பட்டு முத்தெல்லாம் எரிந்தது.

வேல்விழி அப்பாவின் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு வருகிறாள். இன்றோடு நாற்பது கோடு. இன்னும் பத்து நாளுக்கு வரும். காப்பி நிறம் ஒன்று அனுப்பு.

நீலம் வேண்டாம். போன செப்டம்பரில் கொடுத்ததே இன்னும் முக்கால்வாசி இருக்கிறது.

அக்கா
ராஜாத்தி